ஐந்தாம் படி: நீடித்த அன்பு

விற்கப் போகும் பொருளைத் துடைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது பிளசீத் பெர்த்தூவின் கருத்து. லா ஷோ-த-ஃபோன் நகரப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் துப்புரவுப் பணியில் இருந்து, பித்தளைக் கைப்பிடிகளைத் தன் மூக்கு தெரியும்வரை தேய்த்துத் தேய்த்து ஓய்வு பெற்றவர் வேறு என்ன கருத்துக்கு வந்திருக்க முடியும்? ஜெனீவாவில் அந்தக் கருத்தின் விலை இருபத்தைந்தாயிரம் பிராங்க் என்று அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

விற்க வேண்டியது ஒரு தங்கக் கைக்கடிகாரம். மனைவி யுகெத்தின் பெரியப்பா ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் முகப்புகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தவர். 1957-இல் முதலாளிகள் அவருக்குக் கொடுத்த பரிசு அது. அவர் அதைப் பெட்டியில் போட்டு மறந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவர் இறந்து, கடிகாரம் பிளசீத் கைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காலைக் காப்பிக்குப் பிறகு, பெரியப்பாவின் பழைய பைஜாமாக் கால் ஒன்றில் மெருகுப் பசை தடவி, அதைத் தேய்த்துவந்தார்.

விற்க வேண்டிய காரணம் ஒரு சலவை இயந்திரம்.

அவர்கள் கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பம், நிலவறையில் ஒரே இயந்திரம். இரண்டு வாரத்தில் ஞாயிறு போகப் பன்னிரண்டு நாள். ஆளுக்கு ஒரு நாள். யுகெத்தின் நாள் இரண்டாவது செவ்வாய். புதன்கிழமை மேஜைவிரிப்பில் சூப் கொட்டினால் அடுத்த பதின்மூன்று நாள் அந்தச் சூப்போடுதான் வாழ வேண்டும். வீட்டுக்குள் சொந்தமாக இயந்திரம் வைப்பதைக் கட்டட நிர்வாக அலுவலகத்தின் விதி தடுத்திருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் யுகெத் கணவனிடம் நகை கேட்டதில்லை, கடற்கரை கேட்டதில்லை. நினைத்த நாளில் ஒரு விரிப்பைத் துவைக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது எதிர்த்தெருக் கூட்டுறவுக் குடியிருப்பில் சமையலறையிலேயே இயந்திரம் உள்ள வீடு ஒன்று காலியாகியிருந்தது. மாதக் கடைசிக்குள் இருபத்துநாலாயிரம் பிராங்க் பங்குத்தொகை கட்ட வேண்டும்.

ஏலக் கம்பெனிக்காரர்கள் புகைப்படம் பார்த்துவிட்டு, முப்பத்துநாலாயிரம்வரை போகும் என்றார்கள். ஆனால் அசல் நிலை காக்கும் உயர் மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் தொட மாட்டார்களாம். பிளசீத் முதல்நாள் மாலை முழுக்கக் கடிகாரத்தைத் தேய்த்தார். காலையில் தையோல் என்ற உலர்திராட்சை ரொட்டியில் இரண்டு துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினார்.

மன்றம் ஜெனீவாவின் பழைய நகரத்தில், மேட்டின் மேல் இருந்தது. ஜன்னல் கண்ணாடியின் தூசியில் யாரோ விரலால் வருஷம் எழுதி, அதன்மேல் மறுபடி தூசி படிந்திருந்தது. கதவின் பித்தளைக் கைப்பிடி அடுப்புக்கரி நிறம். பிளசீத்தின் கை அவரைக் கேட்காமலே கைக்குட்டையை எடுத்து அதில் வைத்தது.

"கையை எடுங்க மொசியே," என்றாள் வரவேற்பு மேஜையில் இருந்த பெண். "அது 1911-ஆம் வருஷத்துக் கைப்பிடி."

"கறுத்துக் கெடக்கேம்மா."

"அதுக்குத்தான் சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்கோம்."

"துடைக்கவா?"

"யாரும் துடைக்காம பாத்துக்க."

உள்ளே நீண்ட மேஜையின் நடுவில் தலைவர் மொசியே த க்ரூசா உட்கார்ந்திருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி பனிக்காலத்துப் பேருந்து ஜன்னல்போல மங்கலாக இருந்தது. பிளசீத் அதையே பார்ப்பதை உணர்ந்து தலைவர் பெருமையோடு சொன்னார்: "1994-ல வாங்கினது. ஒரு தடவைகூடத் துடைச்சதில்லை."

"அப்புறம் எப்படிங்க பாப்பீங்க?"

"நான் பாக்கறதில்லை மொசியே பெர்த்தூ. மதிப்பிடறேன்."

பக்கத்தில் டாக்டர் ஜுர்பூகன் என்ற அம்மையார். ஓரங்களில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். கடிகாரக் கூட்டில் பட்டை மாட்டுவதற்கு நான்கு காதுகள் உண்டல்லவா, அந்தக் காதுகளின் ஓரங்கள்தான் அவர் துறை. கறுப்பு வெல்வெட்டில் கடிகாரத்தை வைத்தார்கள். அது பளபளவென்று மின்னியது. மன்றம் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் காத்தது. மரியாதை போலிருக்கிறது என்று பிளசீத்தும் எழுந்து நின்றார்.

டாக்டர் அம்மையார் ஒரு காதின் ஓரத்தில் விரலை அழுத்தி இழுத்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரத்தம் வரலை," என்றார்.

"வரணுமாங்க?"

"ஓரம்னா கையை அறுக்கணும். போன வருஷம் ஒரு அருமையான கடிகாரம் வந்துச்சு, எனக்கு ஏழு தையல். இது என்னடான்னா கையைத் தடவிக் குடுக்குது."

"எத்தனை தடவை மெருகு போட்டீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மட்டுந்தாங்க. இருபத்திரண்டு வருஷமா."

மேஜைக் கோடியில் இருந்த எழுத்தர் கணக்குப் போட்டார். ஆயிரத்து நூற்று நாற்பத்துநான்கு.

"ஒரு ஞாயிறுகூட விடலையா?"

"ஒரு தடவை சளிக்காய்ச்சல். அதைத் திங்கக்கிழமை தேய்ச்சு சரிபண்ணிட்டேன். நேத்து சாயங்காலம் தேய்ச்சதையும் சேத்துக்குங்க." மறைத்தார் என்ற பேர் வேண்டாமே என்று இவ்வளவையும் சொன்னார்.

தலைவர் ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்தார். தூசி எழும்பி, கொஞ்ச நேரம் மிதந்து, அதன் அசல் இடத்தில் போய் அமர்ந்தது.

"பொருளோட நிலையை மன்றம் அஞ்சு படியாப் பிரிச்சிருக்கு. முதல் படி, அசல். ரெண்டாவது, அலட்சியம். மூணாவது, விபத்து. நாலாவது, பழுது பாத்தது. அஞ்சாவதுதான் கடைசி. அதுக்குக் கீழே எங்ககிட்ட படி கிடையாது. அது நீடித்த அன்பு."

"அன்பு கடைசியாங்க?"

"விபத்து ஒரு தடவைதானே நடக்கும்? அன்பு ஒவ்வொரு வாரமும் நடக்குது. உங்க மனைவியோட பெரியப்பா பெட்டியில போட்டு மறந்தார் பாருங்க, அதுக்குப் பேர் பண்பாடு. அவர் ஒரு நாள்கூட அதைக் கட்டிக்கலை, மணி பாக்கலை, நினைச்சுக்கூடப் பாக்கலை. அப்படிப்பட்டவங்களாலதான் இந்த உலகத்துல மதிப்புன்னு ஒண்ணு மிச்சமிருக்கு. நீங்க வந்து கையில எடுத்தீங்க. ஒன்பதாயிரம்."

பிளசீத்துக்குச் சமையலறை இயந்திரம் ஒன்று மெதுவாகப் படி இறங்கிப் போவதுபோல் இருந்தது.

"எடைப்படி பூஜ்யம் புள்ளி நாலு ஒண்ணு கிராம் தங்கம் குறையுது," என்றார் டாக்டர் அம்மையார். "அது எங்க?"

"துணியிலதாங்க இருக்கும். மொதல்லேருந்து ஒரே துணிதான்."

மன்றத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்.

"ஒரே துணியா?" தலைவர் குரல் தழைந்தது. "எப்பவாவது துவைச்சீங்களா?"

"மெருகுத் துணியை யாருங்க துவைப்பா. தார் மாதிரிக் கெடக்கு."

தலைவர் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். விதி அறுபத்தொன்று: உலோகம் பொருளைவிட்டு நீங்கினாலும், நீங்கிய உலோகம் முழுவதும் ஓரிடத்தில் கலையாமல் இருக்குமானால், அது இழக்கப்படவில்லை, தனியே தங்கவைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பொருள் முழுமையானது, இரண்டு பாகங்களாக.

"அந்தத் துணியைக் கொண்டாங்க. கடிகாரமும் துணியும் சேந்து முதல் படி," என்றார் தலைவர். "முப்பத்துநாலாயிரம்."

பிளசீத் நிலையத்துக்கு ஓடினார். ரயில் புறப்பட நாலு நிமிஷம் இருந்தது. வீட்டுக்குத் தொலைபேசி போட்டார்.

"யுகெத், கடிகாரம் தொடைக்கிற துணி இருக்குல்ல? எடுத்து ரெடியா வை. ஜெனீவாவுல பெரிய மனுஷங்க எல்லாரும் அதைப் பாக்கணுமாம். வெல்வெட்டுல வெச்சுப் பாப்பாங்களாம்."

"அந்தத் துணியையா?"

"அதைத்தான். வீடு நமக்குத்தான் யுகெத்." ரயில் வந்துவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. இரண்டாவது செவ்வாய்.

வீடு வந்து சேர்ந்தபோது சமையலறை மேஜையில் நாலாக மடித்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி, ஒரு துணி இருந்தது. அதில் நீலக் கோடுகள் இருந்தன. பெரியப்பாவின் பைஜாமாவுக்குக் கோடு உண்டு என்பதே பிளசீத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. லாவெண்டர் வாசனை வந்தது.

"யுகெத், துணி எங்க?"

"கண்ணு முன்னாடிதான் இருக்கு."

"இதைத் துவைச்சியா?"

"துவைக்காம? பெரிய மனுஷங்க வெல்வெட்டுல வெச்சுப் பாப்பாங்கன்னே. அந்தக் கந்தலை அப்படியே கொண்டுபோய் நீட்டினா உன்னை என்னன்னு நினைப்பாங்க? உன்னை விடு கிழவா, என்னை என்னன்னு நினைப்பாங்க?"

"எத்தனை டிகிரியில?"

"தொண்ணூறு. ரெண்டு தடவை. மொதத் தடவை வந்த தண்ணியைப் பாத்தா எனக்கே வெக்கமாப் போச்சு. கஞ்சியும் போட்டிருக்கேன்."

பிளசீத் நாற்காலியில் உட்கார்ந்தார். "அதுக்குள்ளதான் யுகெத் நம்ம வீடு இருந்துச்சு," என்றார்.

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் யுகெத் அழவில்லை. "அழுக்குக்கு முப்பத்துநாலாயிரம், அதைச் சுமந்தவனுக்கு ஒன்பதாயிரம். நல்லாயிருக்குய்யா நியாயம்," என்று சொல்லிவிட்டு, துணியைத் திரும்பவும் ஒருமுறை நீவிவிட்டாள்.

பொய் சொல்லத் தெரியாததால் பிளசீத் மன்றத்துக்குத் தொலைபேசி போட்டு உண்மையைச் சொன்னார். மறுமுனையில் தலைவர், தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று கேட்டார். இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு வளைந்த குழாய் என்றார் பிளசீத். அந்த வளைவை யாராவது எப்போதாவது சுத்தம் செய்ததுண்டா? 1988-இல் மாட்டியதிலிருந்து இல்லை. தங்கம் கனமானது, வளைவில் தங்கிவிடும் என்று பின்னாலிருந்து டாக்டர் அம்மையார் சொல்வது கேட்டது.

"முப்பது வருஷத்துக்கு மேல யாருமே தொடாத வளைவு," என்றார் தலைவர். "நாளைக்கே வர்றோம்."

மறுநாள் காலை ஏழேகாலுக்கு வெல்வெட், அரக்கு, சீல், தொப்பி சகிதம் மூன்றுபேர் நிலவறைக்கு இறங்கினார்கள். சலவை அறையில் மதாம் பாஷ் நின்றுகொண்டிருந்தார். மேல்மாடியில் தனியாக இருப்பவர், தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இயந்திரத்துக்குள் அவருடைய வெள்ளைத் துணிகள் சுற்ற ஆரம்பித்திருந்தன. சாவி அவர் கழுத்தில் தொங்கியது.

"அம்மா, இயந்திரத்தை உடனே நிறுத்துங்க," என்றார் தலைவர்.

"இன்னைக்குப் புதன்கிழமை," என்றார் மதாம் பாஷ்.

"இது இப்போ வெறும் இயந்திரம் இல்ல. 1957-ஆம் வருஷத்துக் கடிகாரம் ஒண்ணோட மூணாவது பாகம்."

"இருக்கட்டும். புதன்கிழமை என்னோடது."

"நான் அசல் நிலை காக்கும் உயர் மன்றத்தோட தலைவர். எட்டு நாட்டு ஏலக்காரங்க என் கையெழுத்துக்குக் காத்திருக்காங்க. ஒரு அரசரோட கடிகாரத்தையே திருப்பி அனுப்பியிருக்கேன், அவர் அதைக் கட்டியிருந்த ஒரே காரணத்துக்காக."

மதாம் பாஷ் சுவரிலிருந்த பட்டியலில் விரல் வைத்து மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். "உங்க பேரு இதுல இல்ல மொசியே."

தலைவர் பிளசீத்தைப் பார்த்தார். பிளசீத் தரையைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் யாரும் ஒரு புதன்கிழமையை மதாம் பாஷிடமிருந்து வாங்கியதில்லை. அவர் கணவர் இறந்ததுகூட ஒரு புதன்கிழமை என்றும், துணி காய்ந்த பிறகுதான் மருத்துவரைக் கூப்பிட்டார் என்றும் கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு.

மன்றம் கவிழ்த்த கூடைகள்மேல் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தது. இயந்திரம் ஒவ்வொரு முறை தண்ணீரை வெளியே தள்ளும்போதும், அதோடு எவ்வளவு போகிறதோ என்று மூவரும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். மதாம் பாஷ் நான்கு முறை துவைத்தார். மதியம் யுகெத் மனம் கேட்காமல் சூப் கொண்டுவந்து கொடுத்தாள். தலைவரின் கோட்டில் ஒரு கரண்டி கொட்டியது. அவர் துடைக்கவில்லை. தேதி குறித்துக்கொண்டார்.

மாலை ஆறுக்கு மதாம் பாஷ் இயந்திரத்தைத் துடைத்து, கையெழுத்துப் போட்டு, சாவியை ஆணியில் மாட்டினார். "அடுத்தவங்க நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு. அதுவரைக்கும் உங்க பாடு."

ஏழு மணிக்கு வந்த வியாழக்கிழமைக் குடும்பம், இயந்திரத்தின் கதவிலும் குழாயிலும் சிவப்பு அரக்குச் சீல்களைக் கண்டது. பக்கத்தில் அறிவிப்பு: ஆய்வு முடியும்வரை எவரும் துவைக்கலாகாது. வளைவைத் திறந்தால் அசல் நிலை கெடும் என்பதால் ஆய்வு அதைத் திறக்காமலே நடைபெறும். முதல் அமர்வுக்கு ஒன்பது வருஷம் கழித்து ஒரு தேதி போட்டிருந்தது.

நிர்வாக அலுவலகத்துக்குப் புகார் போனது. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தின் சீலை உடைப்பது நடக்கிற காரியமா? ஆனால் பன்னிரண்டு குடும்பம் துவைக்காமல் இருக்கவும் முடியாது. மூன்று வாரக் கூட்டங்களுக்குப் பிறகு சுற்றறிக்கை வந்தது. நிலவறை இயந்திரத்தின் சீல் நீடிக்கும் காலம்வரை, அந்தக் காலத்துக்கு மட்டும், விதிவிலக்காக, குடித்தனக்காரர்கள் வீட்டுக்குள் சொந்த இயந்திரம் வைத்துக்கொள்ளலாம்.

அதற்குள் மாதம் முடிந்து, எதிர்த்தெரு வீட்டை ஒரு பல் மருத்துவர் எடுத்துக்கொண்டார். பிளசீத்தும் யுகெத்தும் சேமிப்பிலிருந்து ஆயிரத்து நூறு பிராங்க் எடுத்து ஒரு சின்ன இயந்திரம் வாங்கினார்கள். முதல் நாள் யுகெத் அதற்குள் ஒரே ஒரு கைக்குட்டையைப் போட்டாள். எதிரில் நாற்காலி போட்டு, அது சுற்றி முடியும்வரை பார்த்தாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள்.

"வெள்ளி."

"வெள்ளி," என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பண்டிகையின் பெயர்போல இருந்தது.

குளிர்காலம் வந்தது. கட்டட விதிகளை முழுக்கப் படித்த ஒரே ஆளான மதாம் பாஷ், அப்போது இருபத்தேழாம் விதியைக் கண்டெடுத்தார்: நிலவறையைத் தன் வசம் வைத்திருப்பவர், பனி பெய்யும் நாட்களில் காலை ஏழு மணிக்குள் வாசல்படிப் பனியை அள்ள வேண்டும். தவறினால் நாளுக்கு ஐம்பது பிராங்க் அபராதம். பட்டியலில் மொசியே த க்ரூசாவின் பெயரை அழகான தபால்நிலையக் கையெழுத்தில் எழுதி, நகலை ஜெனீவாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். படிந்த பனி அசல் நிலையில் இருக்கிறது, அதை அள்ள மன்றத்தின் கொள்கை இடம் தராது என்று பதில் வந்தது. சரி, அப்படியானால் ஐம்பது பிராங்க் என்று மதாம் பாஷ் எழுதினார். லா ஷோ-த-ஃபோனில் அந்தக் குளிர்காலம் அறுபத்துமூன்று நாள் பனி பெய்தது.

அறுபத்துநாலாவது நாள் தலைவர் நேரில் வந்தார். சமையலறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மதாம் பாஷ் மேஜையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தலைவர் கோட்டில் சூப் தேதியிட்டபடியே இருந்தது.

அவர் ஒரு தோலுறையிலிருந்து சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மன்றம் ஆழமா யோசிச்சுது. யோசனையில பனிக்கும் சம்பந்தமில்ல, அபராதத்துக்கும் சம்பந்தமில்ல. அன்பும் ஒரு வகையில அசல் நிலைதான்னு ஒருமனதா முடிவு பண்ணியிருக்கோம். ஆயிரத்து நூத்து நாப்பத்துநாலு தடவை ஒரே மனுஷன், ஒரே துணி. அபூர்வம். முதல் படி. முப்பத்துநாலாயிரத்துக்கு ஆளும் தயாரா இருக்கு."

"போன வருஷம் இதே அன்பு கடைசிப் படியில இருந்துச்சே," என்றார் பிளசீத்.

"படி அப்படியேதான் இருக்கு மொசியே. புத்தகத்தைத் தலைகீழாப் புடிச்சோம்." ஒரு காகிதத்தை நகர்த்தினார். "தங்கம் கிடைச்சிடுச்சு, உங்களுக்குப் புகார் இல்லைன்னு ஒரு கையெழுத்து. அது இல்லாம ஆய்வை முடிக்க முடியாது."

பிளசீத் பேனாவை எடுத்தார். முப்பத்துநாலாயிரம். அவருடைய பள்ளிக்கூடச் சம்பளத்தில் அது எத்தனை கைப்பிடி என்று மனம் ஒரு பக்கம் எண்ணியது.

"ஒரு நிமிஷம் கிழவா," என்றாள் யுகெத். தலைவர் பக்கம் திரும்பினாள். "கையெழுத்துப் போட்டா கீழ இருக்கிற சீலை எடுத்துடுவீங்களா?"

"இன்னைக்கே எடுத்துடுவோம் மதாம்."

"சீலை எடுத்தா எங்க மெஷினை எல்லாம் இறக்கிடணும்."

"அது உங்க நிர்வாக அலுவலகத்து விஷயம். பழையபடி பட்டியல் வந்துடும். எல்லாம் அசல் நிலைக்குத் திரும்பும்." இதை அவர் ஒரு பரிசுபோலச் சொன்னார்.

இயந்திரம் பிழிய ஆரம்பித்து, மேஜையில் கோப்பைகள் லேசாக அதிர்ந்தன. யுகெத் பிளசீத்தைப் பார்த்தாள். பிளசீத் சான்றிதழைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அன்று எந்தக் கிழமை என்று அவருக்கு நினைவில்லை. அந்த வீட்டில் இப்போது யாருக்கும் அது நினைவிருப்பதில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய், கடிகாரத்தைக் கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்தார்.

யுகெத் இழுப்பறையிலிருந்து நீலக் கோட்டுத் துணியையும் பசை டப்பாவையும் எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கடிகாரத்தை ஒரு முறையும் தேய்த்ததில்லை. டப்பாவைத் திருகியதும் மூடி விழுந்து உருண்டது.

"மதாம்," என்றார் தலைவர். "நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

"தெரியுது. காலைக் கொஞ்சம் தூக்குங்க, மூடி உங்க நாற்காலிக்கு அடியில போயிடுச்சு."

தலைவர் காலைத் தூக்கினார். யுகெத் மூடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, துணியில் பசை தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினாள். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சான்றிதழைத் தன் பக்கம் இழுத்து, தோலுறைக்குள் திரும்பச் செருகினார்.

மதாம் பாஷ் காப்பியை இறக்கி வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக் கிட்டே வந்து பார்த்தார்.

"காதுக்கிட்ட விட்டுட்டே யுகெத்," என்றார். "ஓரத்துல நல்லா அழுத்தித் தேய்."